தண்ணீரில் குற்றமில்லை

இந்தக் கவரைக் கொஞ்சம் உங்க மடியில் வச்சுக்கறீங்களா, டீச்சர்? பயப்படாதீங்க, ஒழுகாது. ரெண்டு கவர் போட்டு ரப்பர் பேண்டு இறுக்கிக் கட்டியிருக்கிறேன். உள்ளே ஒரே ஒரு மீன்தான். நானே வச்சுக்கலாம். ஆனால் இந்த ரோட்டில் பஸ் குதிக்கிற குதியில், கவரைப் பிடிக்கிறதா வயிற்றைப் பிடிக்கிறதா என்று ஆகிவிடுகிறது. ஆறாவது மாசம்.

டீச்சர் என்று எப்படிக் கண்டுபிடித்தாள் என்று பார்க்கறீங்களா? பையில் பரீட்சைப் பேப்பர் கட்டு துருத்திக்கொண்டிருக்கிறதே. கண்டக்டரிடம் வடகரைப்பேட்டை ஒன்று என்று கேட்டீங்க. அது காதில் விழுந்துதான் பின் சீட்டிலிருந்து எழுந்து உங்க பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். ஒரு சின்னக் காரியம் இருக்கிறது. அப்புறம் சொல்கிறேன். ரயில்வே கேட் போட்டுவிட்டான், கூட்ஸ் வண்டி போகிற வரைக்கும் இந்த பஸ் நகராது.

குழம்புக்கா என்று கேட்டுவிடாதீங்க. பின் சீட்டில் ஒரு பெரியவர் கேட்டுவிட்டார். ஒரு மீனில் என்ன குழம்பு வைக்கிறது? இது அழகுக்கு வளர்க்கிற மீன். ஃபைட்டர் என்று சொல்வோம். உங்க செல்போனை அணைத்து அந்தக் கறுப்புக் கண்ணாடியைக் கவர் பக்கத்தில் காட்டுங்க. பார்த்தீங்களா? தன் முகத்தையே வேறொருவன் என்று நினைத்துச் செவுளை விரிக்கிறான், வாலை விரிக்கிறான். செம்பருத்தி பூத்த மாதிரி இல்லை? ஆண் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். கண்ணாடி காட்டினால் விரியாத ஆணை எந்த வியாபாரியும் தொடமாட்டான். பெண் மீனுக்கு நிறமும் கிடையாது, வாலும் கிடையாது, அதை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டாங்க. அதைச் சொன்னால் என் மகள், ஏம்மா என்று கேட்பாள். அவளுக்கு நாலு வயசு.

என் பேர் தீபலட்சுமி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இந்த மீன்தான் வளர்க்கிறோம். கற்றுக்கொடுத்தது என் ஓரகத்தி, வீட்டுக்காரரோட அண்ணன் மனைவி. பூங்காவனம் என்று பேர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணத்துக்கு முன்னால் அவங்க கொளத்தூர் பக்கம் ஒரு மீன் பண்ணையில் வேலை பார்த்தவங்க. நான் மருமகளாக வந்த புதிதில் வேலை வெட்டி இல்லாமல் சீரியல் பார்த்துக்கொண்டு கிடந்தேன். ஒரு ஜோடி மீனைக் கொண்டுவந்து, வா கண்ணு, கை காலை ஆட்டு என்று பின்கட்டுக்கு இழுத்துப் போனது அவங்கதான்.

பின்கட்டில் ஒரு பெரிய சிமெண்ட் தொட்டி. போர் தண்ணீரை நேராக ஊற்றினால் மீன் தாங்காது. தொட்டியில் நிரப்பி, பாதாம் மரத்து இலையைக் காயவைத்துப் போட்டு ஊறவிடணும். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். அதை மொண்டுதான் எல்லா டப்புக்கும் பாட்டிலுக்கும் ஊற்றுவோம். எங்கள் வீட்டு மீன் அத்தனையும் அந்த ஒரு தொட்டித் தண்ணீரில் வளர்ந்ததுதான். மிச்சத் தண்ணீர் கால்வாய் வழியாகப் பின்னால் இருக்கிற குட்டைக்குப் போய்விடும்.

பாட்டில் என்றேனே, அது குவார்ட்டர் பாட்டில். ஆண் மீன்கள் ஒன்றை ஒன்று கடித்துக் குதறும், தனித்தனியாகத்தான் வைக்கணும். ஒயின்ஷாப்புக்குப் பக்கத்தில் பொறுக்கி வந்த காலி பாட்டில்களைக் கழுவி, சுவர் ஓரம் வரிசையாக அடுக்கி வைப்போம். பாட்டிலுக்கு ஒரு மீன். என் நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தவங்க பின்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் யார் இவ்வளவு குடிக்கிறது என்று கேட்க, எங்கள் அத்தைக்கு மானம் போய்விட்டது. என் மாமியாரைத்தான் சொல்கிறேன். அக்கா வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

இந்த மீனிடம் ஒரு விசேஷம் உண்டு டீச்சர். ஆண் மீன் எச்சிலால் நுரை ஊதி ஊதித் தண்ணீர் மேலே ஒரு கூடு கட்டும். பெண் மீனை விட்டால் முட்டை போடும். போட்டதும் அவளை வெளியே எடுத்துவிடணும், இல்லாவிட்டால் முட்டையைத் தின்றுவிடுவாள். அப்பன்காரன்தான் முட்டையை ஒவ்வொன்றாக வாயில் பொறுக்கி நுரையில் ஒட்டுவான். கீழே விழுந்தால் மறுபடி போய் எடுத்து வருவான். குஞ்சு பொரிக்கிற வரைக்கும் சோறு தண்ணீர் கிடையாது அவனுக்கு. அக்கா மோடாவைப் போட்டு டப் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருப்பாங்க. மடியில் என் மகள் மிதுனா. "யாரு போட்டா என்னா கண்ணு, யாரு பார்த்துக்கறாங்களோ அவங்களுதுதான்" என்பாங்க. மிதுனாவைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அவங்கதான். எனக்குக் கஷ்டமே தெரியாது.

அவங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம்.

வண்டி கிளம்பிவிட்டது பாருங்க. கவரைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடிங்க. ஆங், அப்படித்தான்.

இப்போது இந்த வயிறு எப்படி வந்தது என்று சொன்னால் சிரிப்பீங்க. எங்கள் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நல்ல மனுஷன். நல்ல மனுஷன் என்பதுதான் தொந்தரவே. மிதுனா பிறந்தபோது எனக்கு ரத்தம் நிற்கவில்லை. பிழைப்பேனா என்று ஆகிவிட்டது. ஆஸ்பத்திரி வராண்டாவில் அவர் சுவரில் தலையை முட்டி அழுததை அக்கா சொல்லித்தான் கேட்டேன். அதிலிருந்து இன்னொரு பிள்ளை என்றாலே எழுந்து வெளியே போய்விடுவார். அத்தைக்கோ பேரன் வேண்டும். எனக்கும் ஆசைதான், பொய் சொல்வானேன். ஆணோ பெண்ணோ, மிதுனாவுக்கு ஒரு துணை வேண்டாமா? ஆனால் அவரிடம் அதைப் பேசவே முடியாது, முகம் அப்படி மாறிவிடும்.

அத்தைக்குத் தெரியாமல் அவரே மெடிக்கலில் கருத்தடை மாத்திரை வாங்கி வருவார். விடிகாலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால் மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் என் கையில் கொடுத்துவிட்டு, நான் குடிக்கிற வரைக்கும் நிற்பார். நான் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரை மட்டும் குடித்துவிடுவேன். வாயைத் திறந்து காட்டு என்று கேட்கிற ஆள் இல்லை. அவ்வளவு நம்பிக்கை. என் தலையைத் தொட்டுவிட்டுப் போவார்.

அப்புறம் அதை எங்கேயாவது துப்ப வேண்டுமே. குப்பையில் போட்டால் கோழி கிளறிவிடும். சாக்கடைப் பக்கம் அத்தை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பாங்க. கக்கூஸில் அந்நேரம் மூத்தார், அக்காவோட வீட்டுக்காரர், இருப்பார், ஒரு கட்டு பீடியோடு உள்ளே போனால் சூரியன் வந்த பிறகுதான் வெளியே வருவார். மிச்சம் இருந்தது மீன் தொட்டிதான். தீவனம் போடுகிற மாதிரி போய் அதில் துப்பிவிடுவேன். மல்லி விதை அளவுகூட இருக்காது. இலை ஊறின தண்ணீரில் விழுந்த இடம் தெரியாது. கரைந்து போய்விடும். தினமும் அப்படித்தான், போன வருஷப் பொங்கல் முடிந்ததிலிருந்து. ஒரு நாள் அக்கா தண்ணீர் மொள்ள வந்தவங்க, வாயில் என்ன கண்ணு என்று கேட்டாங்க. கிராம்பு, பல் வலி என்று சொல்லிவிட்டேன். யார் யாரையெல்லாம் ஏமாற்றினேன் பாருங்க!

சரி, அது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் சொல்ல வந்தது மீனைப் பற்றி.

சித்திரையில் விட்ட குஞ்சுகள் ஆடியில் நிறத்துக்கு வரணும். வரவில்லை. எல்லாம் சாம்பல் பூசின மாதிரி, வால் குட்டையாக. ரெண்டை ஒரே டப்பில் விட்டுப் பார்த்தோம். சண்டையே போடவில்லை. பக்கத்துப் பக்கத்தில் நின்றுகொண்டு புழு தின்றன. கண்ணாடி காட்டினால் திரும்பிப் போகின்றன. எங்களிடம் மீன் எடுக்கிற அன்வர் பாய் பாட்டிலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னாம்மா, மொத்தமும் பொட்டையா வளர்த்து வச்சிருக்க" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. விதை ஏதாவது கலந்துவிட்டதோ என்று புது ஜோடி வாங்கி வந்தாங்க. அதுவும் அப்படியே.

அதைவிட, பழைய ஆண்கள் டீச்சர். அருமையாகக் கூடு கட்டினவன்கள். ஒருத்தன் இருந்தான், நீலம், மிதுனா அவனுக்கு மாமா என்று பேர் வைத்திருந்தாள். ரெண்டு வருஷமாக எங்களுக்கு எத்தனையோ குஞ்சு பொரித்துக் கொடுத்தவன். அவனே கூடு கட்டுவதை விட்டுவிட்டான். ரெண்டு நுரை விடுவான், மறந்த மாதிரி நிற்பான். முட்டை பொலபொலவென்று கீழே விழும், டப் அடியில் ரவை கொட்டின மாதிரி கிடக்கும். அவன் பார்த்துக்கொண்டு நிற்பான். எடுக்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றாது.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. இங்க் ஃபில்லரை வாங்கி வந்து, ஒவ்வொரு முட்டையாக உறிஞ்சி, மேலே இருக்கிற நாலு நுரையில் வைப்பாங்க. அது நழுவி மறுபடி விழும். மறுபடி எடுப்பாங்க. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரைக்கும். இடுப்பு வலிக்கப்போகிறது எழுந்திருங்க அக்கா என்றால், "இவன் எடுக்கமாட்டேங்கறானே கண்ணு, நாமளும் விட்டா எப்படி" என்பாங்க. முட்டையெல்லாம் பூஞ்சணம் பூத்து வெள்ளையாகிவிட்டது. அதற்கப்புறமும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாங்க.

அந்த வருஷம் மழைக்குக் குட்டையில் தவளைகூடச் சரியாகக் கத்தவில்லை. வலை வீசுகிற பையன்கள் கெண்டைக் குஞ்சே இல்லை என்றார்கள். காலமே சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் மகளிர் குழுவுக்குப் பயிற்சி கொடுக்க மீன் படிப்புப் படித்த மேடம் ஒருத்தங்க வருவாங்க. உங்களை மாதிரிதான், அமைதியாகக் கேட்பாங்க. அவங்களிடம் சொன்னோம். ஒரு ஆண் மீனை அறுத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாங்க. பார்த்துவிட்டு எங்களையும் பார்க்கச் சொன்னாங்க. ஆண் மீனோட விந்துப் பை இருக்கிற இடத்தில், டீச்சர், முட்டை. சின்னச் சின்னதாக. எனக்கு உடம்பு கூசிப்போய்விட்டது. உயிரோடு இருந்தபோது பாவம், அது தன்னை என்னவென்று நினைத்துக்கொண்டிருந்ததோ.

தண்ணீரில் பெண்களுக்கான மருந்து கலந்தால் இப்படி ஆகும் என்றாங்க மேடம். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவங்க சிறுநீர் வழியாக அது சாக்கடைக்குப் போய், ஆற்றுக்குப் போய், மீன் உடம்பில் சேர்ந்துவிடுமாம். கண்ணுக்குத் தெரியாத அளவு போதுமாம். வெளிநாட்டில் எங்கேயோ ஓர் ஏரியில் வேண்டுமென்றே துளித்துளியாக விட்டுப் பார்த்திருக்கிறாங்க. ரெண்டு மூணு வருஷத்தில் அங்கே இருந்த பொடிமீன் கூட்டமே இல்லாமல் போய்விட்டதாம். செத்து மிதக்காது, நோய் வராது, ஆண் ஆணாக இருக்காது, அவ்வளவுதான், அப்புறம் குஞ்சு எங்கிருந்து வரும் என்றாங்க.

"வீட்டுல யாராவது அந்த மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டாங்க. பக்கத்தில் அத்தை. நான் இல்லை என்றேன். அதில் பொய் என்ன இருக்கிறது? நான்தான் ஒன்றுகூடச் சாப்பிடவில்லையே. உடம்புக்குள் போனால்தானே சிறுநீரில் வரும்? எங்கள் கக்கூஸ் தண்ணீரும் வேறு பக்கம் போகிறது, தொட்டிப் பக்கமே வராது. எல்லாம் யோசித்துத்தான் சொன்னேன்.

அக்கா வலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாங்க. வலையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் அவங்க கால்மேல் விழுந்துகொண்டிருந்தது. துடைக்கக்கூட இல்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாங்க.

தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறீங்களோ அதில் ஒரு பாட்டில் கொடுங்க, வெளியூருக்கு அனுப்பிச் சோதித்துப் பார்க்கிறேன் என்றாங்க மேடம். நானே போர் குழாயைத் திறந்து, பாட்டிலை ரெண்டு தடவை அலசி, பிடித்துக் கொடுத்தேன். இலை ஊறின தண்ணீரைக் கொடுத்தால் அழுக்கு என்று நினைத்துக்கொள்வாங்க இல்லையா? நல்ல தண்ணீராகத்தான் கொடுத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து போன் வந்தது. தண்ணீரில் குற்றமில்லை என்று சொல்லிவிட்டாங்க. எனக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீரில் இல்லை, தீவனத்தில் இல்லை, விதையில் இல்லை. அப்படியென்றால் மிச்சம் என்ன?

நான் வேண்டுமென்று சொல்லவில்லை டீச்சர். அடுப்பங்கரையில் வெங்காயம் உரித்துக்கொண்டு, பேச்சுவாக்கில்தான் அத்தையிடம் சொன்னேன். எல்லா டப்பும் அக்கா கைபட்டதுதான், முட்டையைக்கூட அவங்கதான் எடுத்து எடுத்து வைத்தாங்க, பாவம், அவங்களுக்குக் கை ராசி இல்லையோ என்னவோ என்று. அவ்வளவுதான் சொன்னேன். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கைகூடக் கிடையாது. அத்தை கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாங்க.

அக்கா செய்த காரியமும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. மேடம் வந்துபோன பிறகு அவங்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தாங்க. நாங்கள் யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தொட்டியைத் திறந்துவிடுவாங்க. அடியைத் தேங்காய் நாரால் தேய்ப்பாங்க. மறுபடி நிரப்புவாங்க. மறுநாள் மறுபடி திறந்துவிடுவாங்க. ஏன் அக்கா என்றால், சும்மாதான் என்பாங்க. அத்தை அதைப் பார்த்துவிட்டு, தொட்டியில் என்னத்தையோ போட்டுவிட்டு இப்போது கழுவி விடுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டாங்க.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வீட்டில் இருந்தோம். அக்கா டப்பிலிருந்து மீன் மாற்றிக்கொண்டிருந்தாங்க.

"அந்த வலையைக் கீழ வை" என்றாங்க அத்தை.

அக்கா திரும்பிப் பார்த்தாங்க.

"உன் வயிறு காஞ்சது போதாதா? வாயில்லாத ஜீவனையும் காயவைக்கணுமா? ஆம்பளை மீனே பொம்பளையா பூடுச்சாம் உன் கைபட்டு. ஊரே சிரிக்குது. நாளைக்கு இந்தச் சின்னவ மாசமானா, அவளையும் நீ தொட்டுத் தடவ நான் விடுவேனா?"

மூத்தார் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எப்போதும் அப்படித்தான். எங்கள் வீட்டுக்காரர், என்னம்மா பேசற என்று ஆரம்பித்தார். அத்தை, நீ சும்மாயிரு என்றதும் நிறுத்திவிட்டார். அக்கா என்னைப் பார்த்தாங்க. நான் தலையைக் குனிந்துகொண்டேன். சரி, அழப்போகிறாங்க, இல்லை, திருப்பிக் கத்தப்போகிறாங்க என்று நினைத்தேன். வாயைத் திறந்தாங்க. ஏதோ சொல்ல வந்தாங்க. அப்புறம் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தாங்க. அவர் கையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது, குடிக்க எடுத்து வந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. வாயை மூடிக்கொண்டாங்க. வலையை உதறி ஆணியில் மாட்டினாங்க. ஈரக்கையைப் புடவையில் துடைத்தாங்க.

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை டீச்சர். குற்றம் இல்லாதவங்க சும்மா இருப்பாங்களா? நீங்களே சொல்லுங்க. அதனால்தான் எனக்கும், இருக்குமோ என்று ஆகிவிட்டது.

மறுநாள் ஒரு பையோடு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாங்க. மிதுனா அவங்க முந்தானையை விடமாட்டேன் என்கிறாள். ஒவ்வொரு விரலாக நான்தான் பிரித்தேன். வாசல்வரைக்கும் போனவங்க திரும்பி வந்து என் காதோரம் மெதுவாக, "இனிமே அந்தத் தொட்டியில எதையும் துப்பாத கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாங்க.

நான் என்ன வெற்றிலையா போடுகிறேன்? எதற்கு அப்படிச் சொன்னாங்க என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். ஒருவேளை மாத்திரை விஷயத்தைப் பார்த்திருப்பாங்களோ என்றுகூடத் தோன்றும். பார்த்திருந்தால் அன்றைக்கே எல்லார் முன்னாலும் போட்டு உடைத்திருக்கமாட்டாங்களா? என்னைச் சொல்லிவிட்டுத் தான் தப்பித்திருக்கலாமே. சொல்லவில்லையே. அப்போது பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்?

அது தீபாவளிக்கு முன்னால். கார்த்திகையில் எனக்கு நாள் தள்ளிப்போய்விட்டது. எங்கள் வீட்டுக்காரர் பதறிப்போய் மெடிக்கலுக்கு ஓடினார். சிலருக்கு மாத்திரை கேட்காது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருக்கிறார். இப்போது ஒவ்வொரு செக்கப்புக்கும் லீவு போட்டுவிட்டுக் கூட வருவார். இன்றைக்கு லோடு கிடைத்துவிட்டது, நான்தான் போய் வாங்க என்று துரத்தினேன். அத்தைக்கோ கால் தரையில் நிற்கவில்லை. பார்த்தாயா, அவள் வாசலைத் தாண்டினாள், உன் வயிறு திறந்தது என்றாங்க.

வயிறு மட்டுமில்லை. தொட்டியும்தான். பொங்கலுக்கு நல்லபடியாகக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி, புது ஜோடி விட்டேன். கூடு கட்டினான் டீச்சர்! தொப்பி கவிழ்த்த மாதிரி ஒரு கூடு. விழுந்த முட்டையை ஓடி ஓடி எடுத்தான். நான் அக்கா மோடாவில் உட்கார்ந்து பார்த்தேன். கூப்பிட்டுக் காட்டுவதற்கு ஆள் இல்லை. மிதுனா மட்டும், பெரியம்மாவுக்கு போன் போடு என்றாள். அந்தக் குஞ்சுகளில் முதலில் நிறம் வந்தவன்தான் உங்க மடியில் இருக்கிறவன்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே. படுகிறேன். ஆனால் என்ன தெரியுமா, பின்கட்டுக்குப் போனால் வலை அந்த ஆணியிலேயே தொங்குகிறது. நான் வேறு வலை வாங்கிக்கொண்டேன். அதை எடுக்கக் கை வரவில்லை. மிதுனா தூக்கத்தில் பெரியம்மா என்கிறாள், அம்மா என்பதில்லை. இப்போது அத்தை, மூத்தாருக்கு வேறு பெண் பார்க்கிறாங்க. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் வாரம் ஒரு தடவை அக்காவைப் பார்க்கப் போனவர், இப்போது போவதில்லை.

இதோ, அழவில்லை. எனக்கு எப்போதும் இப்படித்தான், சிரித்துக்கொண்டே பேசினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அக்கா அதற்கே கிண்டல் பண்ணுவாங்க.

வடகரைப்பேட்டை ஸ்டாப்பில் ஒரு சின்ன இட்லிக்கடை இருக்கிறதே, நீங்க தினம் பார்ப்பீங்க. அதை வைத்திருக்கிறவங்கதான் பூங்காவனம் அக்கா, அவங்க அம்மா ஊர் அதுதான். நீங்க இட்லிகூட வாங்கியிருக்கிறீங்களா? சட்னிக்கு இஞ்சி கூட வைப்பாங்க இல்லையா? எனக்குத் தெரியும். சிரித்துப் பேசினாங்களா? இளைத்திருக்கிறாங்களா?

இந்த மீனை அவங்களிடம் கொடுத்துவிடணும். அதுதான் காரியம். நானே இறங்கிக் கொடுக்கலாம். ஆஸ்பத்திரிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் அத்தை மிதுனா தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாங்க, பிள்ளை பிறக்கிற வரைக்கும் அக்கா கண்ணில் படக்கூடாது என்று. எனக்கு நம்பிக்கை இல்லை டீச்சர், சொன்னேனே. ஆனால் வயிற்றில் இருக்கிறதை வைத்து விளையாட முடியுமா? போன தடவை பட்ட பாடு எனக்குத்தானே தெரியும்.

என்ன டீச்சர்? எந்தத் தொட்டியில் துப்பினேன் என்றா? சொன்னேனே, அந்தப் பெரிய தொட்டியில்தான். இருந்ததே அது ஒன்றுதான். மாத்திரையை எப்போது நிறுத்தினேன் என்றால், கார்த்திகையில்தான், நாள் தள்ளினதும் அவரே மிச்சத்தைத் தூக்கி எறிந்துவிட்டார். ஆமாம், நிறம் வந்ததெல்லாம் அதற்கப்புறம் விட்ட குஞ்சுகள்தான். அக்கா போனதும் அப்போதுதான். எல்லாம் ஒரே சமயம்தான். அதைத்தானே நானும் இவ்வளவு நேரமாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். நீங்க ஏன் அப்படிப் பார்க்கறீங்க? தலை சுற்றுகிறதா? இந்த பஸ் டீசல் நாற்றம் சிலருக்கு ஒத்துக்காது.

சரி, அப்புறம் பேசலாம், ஸ்டாப் வந்துவிட்டது. விசில் அடித்துவிட்டான். பையை எடுத்துக்கோங்க. கவரை அழுத்திப் பிடிக்காதீங்க, மேலே காற்று இருக்கணும். நான் கொடுத்தேன் என்று சொல்லுங்க. நிறம் வந்துவிட்டது என்று மட்டும் சொல்லுங்க, வேறு எதுவும் வேண்டாம். கண்ணாடி காட்டிப் பார்க்கச் சொல்லுங்க. மிதுனா இவனுக்கும் மாமா என்றுதான் பேர் வைத்திருக்கிறாள், அதையும் சொல்லுங்க.

ஒரு நிமிஷம் டீச்சர். எழுந்திருப்பதற்கு முன்னால் அந்த ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டுப் போங்க. இவ்வளவு நேரம் நீங்க மறைத்துக்கொண்டு இருந்தீங்க, எழுந்தால் நான் தெரிவேன். எனக்குக் கை எட்டவில்லை, வயிறு இடிக்கிறது.

கடைக்கு வெளியேதான் நிற்கிறாங்க. அந்தப் பச்சைப் புடவை. இந்தப் பக்கம்தான் பார்க்கிறாங்க. சீக்கிரம்.

பார்த்துவிட்டாங்க. சிரிக்கிறாங்க டீச்சர். இறக்குங்க.